ஐ.பி. போட இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா? கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் நடத்திவந்த உங்கள் அத்தான் நொடித்துப்போய் ஏறத்தாழ பதினெட்டு லட்சம் ரூபாய்க் கடனில் நிற்கிறார் என்றும், ‘ஐ.பி. போட்டுவிடு, மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடு’ என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள் என்றும், அதற்கான வழக்கறிஞர் கட்டணத்துக்கே இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐ.பி. என்பது, கடனைக் கட்ட முடியாதவர் தன்னை நொடித்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் போடும் திவால் மனு; மஞ்சக் கடுதாசி என்று ஊரில் சொல்வதும் இதைத்தான். இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பாரா, கிடைத்தால் எங்கே போய்க் கேட்பது என்பது உங்கள் கேள்வி. பாளையங்கோட்டை நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகள் நடத்துபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கறிஞர் கிடைப்பார். ஆனால் அவரிடம் முதலில் ‘ஐ.பி. போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்கக் கூடாது, ‘ஐ.பி. போடத்தான் வேண்டுமா’ என்று கேட்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

கல்லிடைக்குறிச்சி அம்பாசமுத்திரம் வட்டத்தில் இருப்பதால், நீங்கள் பாளையங்கோட்டை வரை அலைய வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. அங்கே மனுக் கொடுக்கலாம். அங்கே தாமதமானாலோ பதில் சரியில்லை என்று தோன்றினாலோ, பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதற்கு முதன்மை மாவட்ட நீதிபதி தலைவர். அன்றாட வேலையைப் பார்ப்பவர் நீதித்துறையைச் சேர்ந்த செயலாளர். நேரில் போகும் முன் விவரம் கேட்டுக்கொள்ள 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. இவை யாருடைய தயவாலும் நடப்பவை அல்ல. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் தகுதியுள்ளவருக்கு இதை உரிமையாகவே தந்திருக்கிறது. அதனால் கூனிக்குறுகி நிற்க வேண்டாம். நீதிமன்ற வாசலில் ‘செக்ரட்டரியை எனக்குத் தெரியும்’ என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

தகுதி என்பது அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் அத்தான் இந்த வருமான வழியில்தான் வரவேண்டியிருக்கும். ‘நேற்று வரை பெரிய வியாபாரி, எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்’ என்று அவர் தயங்கலாம். பார்க்கப்படுவது இன்றைய வருமானம். தொழில் ஓகோவென்று நடந்த காலத்து விற்றுமுதல் அன்று. வருமானச் சான்று கையில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. 13-ஆம் பிரிவின்படி, சந்தேகப்படக் காரணம் இல்லாதபோது, வருமானம் பற்றி மனுதாரர் தரும் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாகக் கொள்ளலாம். உங்கள் அக்காவைப் பொறுத்தவரை, அவர் பெண் என்ற ஒன்றே தகுதி. குழுக் கடன் அவர் பெயரில் இருப்பதாகச் சொல்லியிருப்பதால், அவருக்கென்று தனியாக ஒரு மனுக் கொடுப்பது நல்லது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றி வாரத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் எத்தனையோ பெண்களுக்கு, தங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வழக்கறிஞர் கிடைப்பார் என்பது இன்றுவரை தெரியாது.

மனு தமிழிலேயே இருக்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்வார்கள். மனு ஏற்கப்பட்டால் பேனல் வழக்கறிஞர், அதாவது குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர், ஒருவரை நியமித்து ஆணை தருவார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்லாமல் நீதிமன்றக் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் பேட்டா, தட்டச்சுச் செலவு, சான்றிட்ட நகல் செலவு ஆகியவையும் இந்த உதவிக்குள் அடங்கும். திவால் மனுவில் இது சிறிய விஷயம் அல்ல. ஒவ்வொரு கடன்காரருக்கும், அதாவது கடன் கொடுத்தவருக்கும், தனித்தனியே நகலும் நோட்டீசும் போக வேண்டும். முப்பது கடன்காரர்கள் என்றால் முப்பது நகல், முப்பது நோட்டீஸ். அரசிதழ் விளம்பரச் செலவு போன்றவற்றை யார் ஏற்பது என்பதை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம், வேறு வழக்கறிஞரையும் கோரலாம்.

இங்கே வெளிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேனலில் உள்ளவர்களுக்குப் பழக்கமானவை பெரும்பாலும் ஜீவனாம்சம், குடும்ப வழக்கு, விபத்து இழப்பீடு போன்றவை. திவால் மனு நடத்திய அனுபவம் எல்லாருக்கும் இருக்காது. ஆகவே மனுவிலேயே ‘கடன் நிறைவேற்று மனுக்களிலும் ஐ.பி.யிலும் பழக்கமுள்ள வழக்கறிஞரை நியமிக்க வேண்டுகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

எந்தச் சட்டம் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் படித்துவிட்டு, அதில் சிறு கடனாளிகளுக்கு எழுதப்பட்டுள்ள ‘புதிய தொடக்கம்’ என்ற வழியைக் கேட்டு வருகிறார்கள். தனிமனிதர்களுக்கான அந்தப் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. சொந்தப் பெயரில் தொழில் செய்த உங்கள் அத்தானுக்குப் பொருந்துவது வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமேயாகும். நம் பக்கம் ஐ.பி. மனுக்களைச் சார்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. கடனாளி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது டிகிரியை, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணையை, நிறைவேற்றுவதில் அவர் கைதாகியிருக்க வேண்டும், அல்லது அவருடைய சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். 1920-இல் அந்த ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கடையே வைத்திருக்கலாம்.

இனி ஐ.பி. போடத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் கடன்களை வகை பிரித்தால் விடை ஓரளவு தானாகவே தெரியும்.

விருதுநகர் உளுந்து மண்டிக்கான சரக்குப் பாக்கியும் ஊரில் வாங்கிய புரோநோட்டுக் கடன்களும் அடமானமில்லாக் கடன்கள், ஐ.பி. செல்லுபடியாவது இவற்றின் மேல்தான். புரோநோட்டுகளின் தேதியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேட்டபோது தருவதாக எழுதிய நோட்டுக்குக் காலவரம்பு, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். அதற்குள் பணம் கட்டி நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அல்லது கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நாளிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டுகள். காலம் கடந்த நோட்டை வைத்துக்கொண்டு வழக்குப் போட்டாலும் நிற்காது. இப்போது கடன்காரர்கள் வந்து ‘ஐநூறு ரூபாயாவது கொடுத்து ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று கேட்டால், வழக்கறிஞரைப் பார்க்காமல் போட்டுவிட வேண்டாம்.

வீட்டின் மேலுள்ள வங்கி அடமானக் கடனை ஐ.பி. தொடாது. அடமானம் பெற்றவரின் உரிமை அப்படியே இருக்கும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கலாம்; அப்படித் தொடங்கினால் 45 நாட்களுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். ‘ஐ.பி. போட்டாச்சே’ என்று இந்த 45 நாளைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. தீர்ப்பாய வழக்குக்கும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். நகைக்கடனும் இதே இனம்தான். நகை வங்கியின் பெட்டியில் இருக்கும்வரை கடனைக் கட்டித்தான் மீட்க வேண்டும்.

செக் திரும்பி வந்ததற்கான வழக்கு குற்றவியல் நீதிமன்றத்தில் நடப்பது. ஐ.பி. போட்டதால் அது நிற்காது. அதைத் தனியாகச் சமரசமாக முடிக்கவோ நடத்தவோ வேண்டும். அரசுக்குச் செலுத்த வேண்டிய வரிப் பாக்கியும், ஏமாற்றி வாங்கியதாக நிரூபிக்கப்படும் கடனும் நொடித்தவரைக் கடனிலிருந்து விடுவிக்கும் விடுவிப்பு ஆணைக்குப் பிறகும் தலைமேல் நிற்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட உங்கள் சித்தப்பாவும் விடுபட மாட்டார். அத்தானிடம் வாங்க முடியாத பணத்துக்காகக் கடன்காரர்கள் நேரே அவர் வாசலுக்குத்தான் போவார்கள் என்பதால், மனுப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

தினமும் வந்து வசூலிக்கும் தண்டல்காரரின் கணக்கு வேறு. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதற்குப் பின்னால் இருந்தது இந்தக் கொடுமைதான். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு வருபவர்களின் பையை வாசலில் சோதிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்டல்காரரை ஐ.பி. பட்டியலில் சேர்க்கும்போது அவர் சொல்லும் தொகையை அப்படியே எழுதாமல், வாங்கிய அசல், இதுவரை கட்டியது, மீதி தகராறுக்குரியது என்று எழுத வேண்டும். மிரட்டலுக்கான புகாரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதை எழுதித் தரவும் சட்டப்பணிகள் குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் உதவுவார்கள்.

இப்படிப் பிரித்த பிறகு, ஐ.பி.யால் பலன் பெறும் அடமானமில்லாக் கடன் மொத்தத்தில் சிறு பங்குதான் என்று தெரிந்தால், சட்டப்பணிகள் குழு நடத்தும் சமரச அமர்வான மக்கள் நீதிமன்றமே (லோக் அதாலத்) நல்ல வழி என்பது என் கருத்து. அதற்கு வருமான வரம்பு இல்லை, கட்டணம் இல்லை, வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுக்கலாம். ஏற்கெனவே வழக்கு நடந்து அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கே பிறப்பிக்கப்படும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வங்கிகள் வட்டியைத் தள்ளி ஒரே தவணையாக முடித்துக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மேசையில்தான் நடக்கிறது. மண்டிக்காரர்களும் நெடுநாள் வழக்கைவிடக் கையில் வரும் பாதிப் பணத்தை விரும்புவார்கள். அடமானமில்லாக் கடனே பெரும்பங்கு, கொடுக்க உண்மையாகவே வழியில்லை, டிகிரிகள் வரிசையாக வரப்போகின்றன என்றால் மட்டும் ஐ.பி.க்குப் போங்கள்.

போவதென்று முடிவானால், இலவச வழக்கறிஞரின் திறமையைவிட நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் பட்டியல்தான் வழக்கைத் தாங்கும். மனுவோடு இரண்டு பட்டியல்கள் போகும். கடன்காரர் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கத்தோடு முகவரி, கடன் வாங்கிய தேதி, புரோநோட்டா கைமாற்றா சரக்குப் பாக்கியா என்ற விவரம், அசல், கட்டியது, பாக்கி, ஜாமீன்தாரர் இருந்தால் அவர் பெயர் ஆகியவை வேண்டும். ‘மண்டிக்கார அண்ணாச்சி, விருதுநகர்’ என்று எழுதினால் நோட்டீஸ் திரும்பி வரும். ஒரு நோட்டீஸ் திரும்பினால் ஒரு வாய்தா போகும். சொத்துப் பட்டியலில் வீடு, அடமான விவரம், அப்பளம் தேய்க்கும் இயந்திரம், இருசக்கர வாகனம், வங்கி இருப்பு, கட்டிய சீட்டு, வெளியிலிருந்து வரவேண்டிய பாக்கி வரை மதிப்போடு எழுத வேண்டும். ஜப்தி செய்ய முடியாதவை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கியிருப்பவை, அதாவது உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள் போன்றவை, அவரிடமே இருக்கும். அக்காவின் சீதன நகை அக்காவுடையது; அதை அத்தானின் சொத்தாக எழுதிவிடக் கூடாது. இதற்கு முன் ஐ.பி. போட்டதுண்டா என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம், பில் கட்டு, வங்கிக் கணக்குப் பதிவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கானாலும் கிழித்துப்போட வேண்டாம். கணக்கு வைக்காதது பின்னால் விடுவிப்பு கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

உறவினர்கள் ஒரு யோசனை சொல்லியிருப்பார்கள்: ‘மனுப் போடும் முன்னால் வீட்டை அக்கா பேருக்கு எழுதி வைத்துவிடு.’ தயவுசெய்து செய்ய வேண்டாம். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய பிரதிபலன் இல்லாமல் செய்த மாற்றத்தை நொடிப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் ரத்து செய்யலாம். முந்தைய மூன்று மாதத்துக்குள், நொடித்த நிலையில், மற்றக் கடன்காரர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கட்டிய பணத்தையும் அப்படியே திரும்பப் பெறலாம். சொத்தை மறைப்பதும் கணக்கை அழிப்பதும் அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரியவை. ஏற்கெனவே அப்படி ஏதாவது நடந்திருந்தால், வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் அவர் அதை முதன்முதலாகக் கேட்கும் நிலை வரக் கூடாது.

ஐ.பி. நம்பர் வாங்கிய அன்றே எல்லாம் நின்றுவிடும் என்பது நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. மனுத் தாக்கல் மட்டும் எந்த வழக்கையும் நிறுத்துவதில்லை. நோட்டீஸ், விசாரணை எல்லாம் முடிந்து, அவர் நொடித்தவர் என்று நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் அடமானமில்லாக் கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதியின்றி வழக்குப் போட முடியாத நிலை வரும். அவருடைய சொத்து அபிஷியல் ரிசீவர் எனப்படும் சொத்தாட்சியரிடம் போய்ச் சேரும். அதுவரை உள்ள இடைவெளியில் கைது பயம் இருந்தால், நிறைவேற்று மனு நடக்கும் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தனியாகப் பாதுகாப்புக் கேட்க வேண்டும். டிகிரிக்காக நீதிமன்ற ஊழியரான அமீனா கைது செய்து அழைத்துவந்தால், ஒரு மாதத்துக்குள் ஐ.பி. போடுவதாகச் சொல்லி, ஜாமீன் கொடுத்து வெளியே வர உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இடம் தருகிறது. பணம் கட்ட வகையில்லாதவரை வகையில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிவில் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் அக்காவைப் பணக் கடன் டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. வீட்டு வாசலில் வந்து ‘உன்னை உள்ளே தள்ளுவேன்’ என்று குழுக் கடன் வசூலிக்க வருபவர் சத்தம் போட்டால் இதைத் தெரிந்துவைத்திருப்பது தைரியம் தரும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. நொடித்தவர் என்று அறிவிக்கும் ஆணையிலேயே, எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் குறித்திருக்கும். கடன் தலையிலிருந்து இறங்குவது அந்த விடுவிப்பு ஆணையால்தான். முதல் ஆணை வந்ததுமே எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிட்டால், கெடு தாண்டியதும் முதல் ஆணையே ரத்தாகும், பிறகு நீதிமன்ற அனுமதியில்லாமல் மறுபடி மனுப் போடவும் முடியாது. சட்டப்பணிகள் குழுவின் கோப்பு இந்த முதல் ஆணையோடு மூடப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஆணையின் நகல் கிடைத்த அன்றே அந்தக் கெடு தேதியைக் குறித்துக்கொண்டு, விடுவிப்பு மனுவுக்கும் அதே வழக்கறிஞரே தொடர வேண்டும் என்று குழுவுக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.